தேவசித்தம் என்று எழுதாதீர்கள்

குருமனை,
18.11.2024

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி முத்துராணிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் மதினியும் சுகம். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். மதினி உனக்கென்று உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறாள்.

இங்கே எங்களோடு இருந்த நம் ஆல்வினை வெள்ளம் கொண்டுபோய் டிசம்பரோடு ஒரு வருஷம். என் சபையில் நினைவு ஆராதனை வைத்து அசனச் சாப்பாடும் போடப்போகிறோம். கோயில் சாமானைக் காப்பாற்றத் தானாக ஓடிய பிள்ளை என்று ஊரே பேசுகிறது. பெற்றவள் நீ வராமல் எப்படி? கர்த்தரோடு எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவாய்? தேவசித்தம் என்று ஒப்புக்கொடுத்துவிடு. மனசு ஆறும்.

அன்பு அண்ணன்,
சத்தியநேசன்


களக்காடு,
25.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கருப்பட்டி வேண்டாம். மதினிமேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள்.

போன மாதம் உங்கள் சபை உபதேசியார் அருமைநாயகம் அண்ணாச்சி இங்கே வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. அன்றைக்குத் தண்ணீர் வந்ததும் எல்லாரும் பள்ளிக்கூட மாடியில் ஏறிவிட்டீர்களாம். திருவிருந்துப் பாத்திரம் கோயிலுக்குள் இருக்கிறதே என்று நீங்கள்தான் பதறினீர்களாம். “லே ஆல்வின், ஒனக்குத்தான் நீச்சல் தெரியும்லா, போயி எடுத்துட்டு வாலே” என்று நீங்கள் சொன்னதை அவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். வேண்டாம் ஐயரே என்று தடுத்தும் பார்த்திருக்கிறார். பாத்திரம் சேற்றில் கிடைத்து, இன்றைக்கும் அதில்தான் திருவிருந்து கொடுக்கிறீர்களாமே.

என்னிடம் ஒரு வருஷமாகத் தானாக ஓடினான் என்றீர்கள். நான் வருகிறேன் அண்ணன். “நான்தான் ஆல்வினை அனுப்பினேன்” என்று பிரசங்கத்தில் ஒரு வரி சொல்லுங்கள். முன்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு குருமனை வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன்.

தங்கச்சி,
முத்துராணி


குருமனை,
3.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உபதேசியாருக்கு என்மேல் பழைய வருத்தம் உண்டு. அந்த அவசரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கு ஞாபகம்? நானே சொல்லியிருந்தாலும் கர்த்தர் அனுமதிக்காமல் எதுவும் நடக்குமா? மே மாதம் எனக்குப் பணி ஓய்வு. இந்த நேரத்தில் பீடத்தில் நின்று அப்படிச் சொன்னால் சபை இரண்டுபடும். அழைப்பிதழ் இதோடு இருக்கிறது. உன் பெயரும் போட்டிருக்கிறோம். இதையும் தேவசித்தமாக எடுத்துக்கொள்.

அண்ணன்


களக்காடு,
9.12.2024

அண்ணனுக்கு,

அழைப்பிதழைத் திருப்பி அனுப்புகிறேன். என் பெயரை அடித்திருக்கிறேன்.

ஆல்வினைப் பெட்டியில் வைத்து மூடிய அன்றே கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரிடம் அழுதேன், திட்டவும் செய்தேன். அவர் தாங்கிக்கொண்டார். அவரோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் செய்ததை அவர் தலையில் கட்டுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாமா சொன்னால் மறுபேச்சுப் பேசாத பிள்ளை அவன். அப்படி வளர்த்தவள் நான்.

பீடத்தில்கூட வேண்டாம், என் எதிரில் வந்து அழுதிருந்தால் போதும். மன்னித்திருப்பேன்.

நினைவு நாளில் நானும் அவன் அப்பாவும் இங்கே கல்லறையில் ஜெபித்துக்கொள்கிறோம். நீங்கள் வர வேண்டாம். நாளைக்கு நான் செத்தாலும் என் அடக்க ஆராதனையை நீங்கள் நடத்தக் கூடாது என்று எங்கள் சபை ஐயரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

ஆல்வினின் அம்மா,
முத்துராணி