கொழுந்து மாடியில் காய்ந்த சால்வை

இன்று காலை உன் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். கோயம்புத்தூரில் மார்கழி. குன்னூரில் இருந்தவனுக்கு இதெல்லாம் குளிரா என்று போன வருடம் வரை கேலி செய்துகொண்டிருந்தேன். இந்த வருடம் குளிர்ந்தது. போர்த்திக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன்.

சேலைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. வாயை இறுக்கி முடிந்து, முடிச்சின் மேல் ஒரு ரப்பர் வளையம். உன் வேலை. எதையும் நீ இரண்டு தடவை கட்டுவாய். உள்ளே உன் பழுப்புச் சால்வை.

முடிச்சை அவிழ்த்ததும் சால்வைக்கு முன்னால் வாசம் வெளியே வந்தது.

வாடிக்கொண்டிருக்கும் தேயிலைக் கொழுந்து. பச்சை நெடி அடங்கி, பழுக்கத் தொடங்கும் பழம் போல ஒரு வாசம் வருமே, அந்த நேரத்துக் கொழுந்து. அதற்கும் கீழே கொஞ்சம் சூடு. கொஞ்சம் விறகு.

பெட்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தேன். நீ மோந்து பார்க்கச் சொன்னது இதைத்தானா?

*

உனக்கு வாசம் என்றால் பசி மாதிரி. புதுச் செருப்பை வாங்கினால் முதலில் மூக்கில் வைப்பாய். பலசரக்குக் கடையில் நிற்கும்போது பெருங்காய டப்பாவின் பக்கமாகத்தான் நிற்பாய். துணி துவைக்கும் தூளை விலை பார்த்து நீ வாங்கியதே இல்லை. பாக்கெட்டை அமுக்கி, ஓரத்தில் வரும் காற்றை முகர்ந்து வாங்குவாய். துவைத்த பிறகு வாசனைத் தண்ணீர் வேறு. பக்கத்து வீட்டுக்குத் தெரியும்படி நம் துணி காயும்.

அது கோயம்புத்தூர் வெயில். கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து குன்னூருக்கு வந்தபோது மழைக்காலம். ஒரு தேயிலை பேக்டரியை ஒட்டி, சரிவில் ஒரு வாடகை வீடு. துணி காயவே இல்லை. கட்டில் காலில், கதவின் மேல், அடுப்புக்கு எதிரே, எங்கும் ஈரத்துணி.

“ஏனுங்க, இந்த ஊட்டுக்குள்ள மழ வந்து குடியிருக்குதுங்களா? சட்ட பூராம் மழ நாத்தம்.”

நீ தூளை இரட்டிப்பாக்கினாய். வாசனைத் தண்ணீரையும்.

என் வேலை வேறாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஏலத் தரகு அலுவலகம் ஒன்றில் தேயிலை ருசி பார்க்கும் அறையில் நான் இளையவன். நீண்ட மேசை, வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். விலை விழுந்திருந்த காலம். தேயிலைத் தூள் ஏலத்தில் விற்காமல் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் ஒரு பேக்டரியின் அந்த வாரம் போய்விடும்.

ஒருநாள் ஒரு கோப்பையை உறிஞ்சிவிட்டு நின்றேன். தூளில் வேறு ஏதோ வாசம் ஏறியிருக்கிறது, பூ மாதிரி, என்றேன். எங்கள் மூத்த டேஸ்டர் வந்து உறிஞ்சினார். துப்பினார். மறுபடி உறிஞ்சினார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, சட்டையின் கைமடிப்பில் மூக்கை வைத்தார்.

“பூ கப்புல இல்லீங்க தம்பி. உங்க கையில இருக்குது.”

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“ஊட்டுல சொல்லிருங்க. எனக்கு இங்க மூக்குதான் வேணும். மாப்பிள்ள ஊர்வலமெல்லாம் வேண்டாம். இருக்கற ஆள்லயே யார வேலைய உட்டு அனுப்பறதுன்னு மேல பாத்துட்டிருக்கறாங்க, தெரியுமில்ல?”

வீட்டுக்கு வந்து சொன்னேன். முதலில் நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாய்.

“நா கட்டுனது உங்களையாங்க, உங்க மூக்கையாங்க?”

*

அப்படித்தான் தேடல் தொடங்கியது. எனக்கு வாசமே இல்லாத ஒன்று வேண்டும். உனக்கு வாசம் வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சோப்பு உலகத்தில் இருக்குமா?

குன்னூர் மார்க்கெட்டில் நாட்டுமருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி வந்தேன். விதையை நீக்கி, தோலை ஊறவைத்து, கொதிக்கவிட்டு வடிகட்டினால் நுரை வரும் என்று கடைக்காரர் சொன்னார். வந்தது. நீ சட்டிக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாய்.

“ரசத்துக்கு வெச்ச புளியாட்ட இருக்குதுங்க. இதுலயா சட்ட தொவைக்கறது?”

துணி சுத்தமாகத்தான் வந்தது. அலசினால் அந்தப் புளிப்பும் போய்விட்டது. அடுப்புக்கு எதிரே காய்ந்த என் சட்டையை நீ முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாய்.

“ஆளே இல்லாத மாதிரி இருக்குதுங்க.”

அதை அன்று நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு நீ அந்தக் கஷாயத்தோடு சண்டை போட்டாய். வெட்டிவேரைத் துணியில் முடிந்து கொதிக்கும் சட்டிக்குள் போட்டாய். எனக்கே பிடித்திருந்தது. மறுநாள் மேசையைச் சுற்றி வந்த மூத்தவர் என்னருகில் நின்று, “இன்னிக்கு என்னுங்க, பானத் தண்ணியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நீலகிரித் தைலம் ஒரு சொட்டு விட்டாய். “சளியாங்க தம்பி?” எலுமிச்சைத் தோல், மரிக்கொழுந்து. எதுவும் அவரைத் தாண்டவில்லை. ஒவ்வொரு மாலையும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாய்.

“பாஸா, பெயிலா?”

“பெயில்.”

“அந்த மனுசனுக்குச் சளியே புடிக்காதுங்களா?”

கடைசியில் வெறும் பூந்திக்கொட்டைக்கே திரும்பினோம். என் சட்டை மட்டுமில்லை. ஒரே கொடியில் காய்ந்தால் ஒன்றின் வாசம் மற்றொன்றில் ஏறும் என்று உன் சேலைகளையும் அதிலேயே துவைக்கத் தொடங்கினாய். நான் கேட்கவில்லை. நீயாகத்தான் செய்தாய். பவுடர் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. பூவை வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு வைத்து, வருவதற்கு முன் எடுத்துவிடுவாய். தலையணையில் ஒரு காய்ந்த இதழ் கிடந்ததைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது.

*

மழை நாற்றம் மட்டும் போகவில்லை. அதற்கு வழி கண்டுபிடித்தது நீ.

பக்கத்து பேக்டரியின் மாடியில்தான் கொழுந்தை வாட்டுவார்கள். நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விடுவார்கள். மழைக்காலத்தில் கீழே விறகு எரித்துச் சூடாக்கிய வெதுவெதுப்பான காற்று. அந்த மாடியில் வேலை செய்த செல்லம்மா அக்கா நம் வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார். சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். துணியைச் சுமந்துகொண்டு நீ போய் நின்றபோது அவர் வாசலை மறித்துக்கொண்டாராம். நீ அன்று மாலை எனக்கு நடித்தே காட்டினாய்.

“ஐயோ தங்கச்சி, சோப்பு வாசம் புடிச்ச உடுப்ப இங்க கொண்டாராதீங்க. கொழுந்து எல்லாத்தையும் இழுத்துக்கிரும். பொறகு தூளுல ஒங்க புருசன் சட்டதான் மணக்கும்.”

“இதுல சோப்பே இல்லீங்க்கா. நீங்களே மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தாராம்.

“என்னா இது, உடுப்பா, பச்சத் தண்ணியா? சரி, அந்தக் கடேசிக் கம்பியில போடுங்க. மேனேஜர் ஐயா வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

ஆக, எந்தச் சட்டை என் அறைக்குள் போக முடிந்ததோ அதுதான் அந்த மாடிக்கும் போக முடிந்தது. சாயங்காலம் துணி காய்ந்து வந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நீ சால்வையை முகத்தில் அமுக்கிக்கொண்டு நின்றாய். அதே பழுப்புச் சால்வை.

“ஏனுங்க. இங்க வாங்க. சித்த மோந்து பாருங்க.”

பார்த்தேன். எதுவுமில்லை.

“அப்பாடா,” என்றேன். “ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லீங்களா?”

“சுத்தமா இல்ல.”

என்னிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது என்று நினைத்தேன். நீ சால்வையை வாங்கி மறுபடி முகர்ந்தாய். என்னைப் பார்த்தாய். “செரி, உடுங்க” என்றாய்.

அன்று நீ மோந்ததை இன்றுதான் நான் மோந்தேன். பகல் முழுதும் தேயிலையில் ஊறியவனின் மூக்குக்குத் தேயிலை தெரியாது. பேக்டரியை ஒட்டிய வீட்டில் தூங்கி, தேயிலை அறையில் விழித்திருப்பவனுக்கு அது காற்று. எங்கள் மூத்தவருக்கும் அப்படித்தான். என் சட்டையைத் தாண்டிப் போனார், நிற்கவில்லை. உனக்கு மட்டும் அது வாசம். கொழுந்து எல்லா வாசத்தையும் இழுக்கும் என்று செல்லம்மா அக்கா சொன்னதும் நீ கேட்டாயாம்: “இழுக்கும்னா குடுக்கவும் செய்யுமல்லங்க்கா?”

தேடியது கிடைத்துவிட்டது. எனக்கு வாசமில்லாதது, உனக்கு வாசமுள்ளது. ஒரே துணி. கிடைத்தது எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகும் நீ விடவில்லை. காலையில் போட்டு எடுத்த துணி, மாலையில் போட்டு எடுத்த துணி என்று இரண்டு கைகளிலும் கொண்டுவந்து நீட்டுவாய். எங்கள் அறையைக் கேலி செய்யும் குரலில், “இந்தச் சட்டைக்கு ஏலத்துல நல்ல வெல வருமுங்க” என்பாய். நான் சிரிப்பேன். முகர்வேன். ஒன்றும் சொல்லமாட்டேன்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம். குறை இருந்தால்தான் வாயைத் திறப்போம். புகை, புளிப்பு, சப்பை. குறையில்லாத கோப்பைக்குச் சொல் கிடையாது. துப்பிவிட்டு நகர்வோம். அந்த நகர்வைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேக்டரிக்காரர் முகம் மலர்ந்துவிடும், அது போதும் அவருக்கு. அந்த வழக்கத்தை நான் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருந்தேன். உன் குழம்பு, உன் சேலை, உன் சால்வை. நான் நகர்ந்து போனதெல்லாம் பிடித்துப்போனவை. உனக்கு அந்த வழக்கம் தெரியாது. நான் சொன்னதில்லை.

*

பேக்டரி முதலில் வாரத்தில் சில நாள் ஓடியது. பிறகு கொழுந்து வந்தால் ஓடியது. பிறகு ஓடவில்லை. கடைசியாக மாடியில் காய்ந்த துணிகளோடு நீ வந்த அன்று சால்வையை மட்டும் தனியாக மடித்தாய். அது பெட்டிக்குள் போனதை நான் கவனிக்கவில்லை. என் வேலையும் அந்த மழைக்காலத்தோடு முடிந்தது. மூக்கு சரியாக இருந்தும் முடிந்தது.

உன் உடம்புக்கு வந்தது அதற்குப் பிறகு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. அறை முழுக்க பினாயில். நீ அதற்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாய்.

“ஏனுங்க, ஊட்டுக்குப் போனா அந்தப் பழுப்புச் சால்வய எடுத்துட்டு வாங்க. பெட்டியில இருக்குது.”

குளிர்கிறது என்று நினைத்தேன். அந்தச் சால்வை ஓரமெல்லாம் நைந்தது. கடைவீதியில் நல்ல கம்பளிச் சால்வை ஒன்று, கனமானது, உனக்குப் பிடித்த மெரூன் நிறத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ அதன் முனையை மூக்குக்குக் கொண்டுபோனாய். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய்.

“நல்லா இருக்குதுங்க,” என்றாய்.

மடித்துக் கால்மாட்டில் வைத்தாய். மறுபடி நீ பழுப்புச் சால்வையைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நல்லா இருக்குது என்ற அந்த ஒரு சொல்லுக்காக நீ மலைமேல் எத்தனை சாயங்காலம் துணியோடு வாசலில் நின்றாய். கடைசியில் அதை நீதான் எனக்குச் சொன்னாய். அதுவும் வாசமில்லாத ஒரு துணிக்கு.

*

நீ இல்லாத இந்த ஊரில் இப்போது ஒரு கூரியர் அலுவலகத்தில் இருக்கிறேன். அட்டை, பசை, இங்க். மூக்கு மெல்ல மெல்லத் தேயிலையை மறந்தது. மறந்ததால்தான் இன்று காலை அது தெரிந்தது.

பூந்திக்கொட்டையை விடவில்லை. விடக் காரணம் எதுவும் இல்லை, வைத்திருக்கவும் இல்லை. கைக்குப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்துக் கொதிக்கவிடுகிறேன். புளி வாசம் வரும்போது பின்னால் யாரோ முகம் சுளிப்பது போலிருக்கும்.

மதியம் நான் சாப்பிடும் மெஸ்ஸில் இன்று, “சாம்பார் நல்லா இருக்குதுங்க” என்றேன். பரிமாறிய அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார்.

“ஏனுங்க தம்பி, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?”

“இல்லீங்க. நெசமாத்தான்.”

“இத்தன நாளா வாயே தொறக்கலையே நீங்க.”

இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

சால்வையை நான் போர்த்திக்கொள்ளவில்லை. திறக்கத் திறக்கக் குறையும் பொருள் அது. பைக்குள் வைத்து முடிந்து, முடிச்சின் மேல் அதே ரப்பர் வளையத்தைப் போட்டேன். அது அறுந்துவிட்டது. நூலால் கட்டினேன். இரண்டு தடவை.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்க் காய்ந்த சட்டையை எடுத்தேன். நீ சொன்னபடி ஆளே இல்லாத சட்டை. முகத்தில் வைத்துப் பார்த்தேன். வெயில் இருந்தது. துளி புழுதி இருந்தது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

பிறகு நல்லா இருக்குது என்று சொன்னேன். வாய்விட்டு. கொடியில் இன்னும் துணிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். நகரவில்லை.