பின்பக்கத்தில் எழுதியது

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. பதில் இல்லையென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். என்ன செய்ய, அறை மாற்றுகிற வேலை. நானும் என்னோடு தொழில் செய்கிற கண்ணாடிக்காரியும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்திருந்த இரண்டு அறைகளையும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான். "உங்க மேல குத்தம் இல்லம்மா. ரெண்டு பேரா இருந்தா நான் விபசார விடுதி நடத்துறேன்னு என்னைத்தான் உள்ள வைப்பாங்க" என்றார். இனி அவள் ஒரு தெரு, நான் ஒரு தெரு. எவனாவது கை ஓங்கினால் சுவரைத் தட்டிக் கூப்பிடக்கூட ஆளில்லை. புது விலாசம் கீழே இருக்கிறது. இதற்கே எழுது. குட்டி இருக்கிற வீட்டுக்கு எழுதிவிடாதே. போனும் வேண்டாம், அது தொழிலுக்கான போன். அதில் உன் பெயர் இருக்கக் கூடாது.

உனக்குச் சட்டக் குழுவில் தட்டச்சு வேலை கிடைத்ததும், அந்தக் குழு எங்களைப் பற்றியே பேசப் போகிறது என்பதும் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். எங்கே போனாலும் அக்கா உன்னை விடமாட்டேன் போலிருக்கிறது.

"தடை செய்வது நல்லதா, உரிமம் கொடுப்பது நல்லதா?" என்று கேட்டிருக்கிறாய். கேட்டதற்குச் சொல்கிறேன். முதலில் இதைக் குற்றம் என்று சொல்வதை நிறுத்தட்டும். போன மாதம் ஒருவன் கண்ணாடிக்காரியின் தோள்பட்டையை முறித்துவிட்டான். போலீஸில் சொல்லப் போனால் அவள் மேலேதான் வழக்கு வரும் என்று கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்க விடட்டும். முகம் சுளிக்காமல் பார்க்கிற மருத்துவர் ஒருவர் வேண்டும். இதையெல்லாம் ஒரு சட்டம் கொடுத்தால் அந்தச் சட்டத்துக்கு நான் கும்பிடு போடுவேன். தாள் முடிந்துவிட்டது, பின்பக்கம் பார்.

ஆனால் பெயரைக் கேட்கக் கூடாது. பதிவேடு, படம் ஒட்டிய அட்டை, வீட்டு விலாசம் எதுவும் வேண்டாம். நான் இதிலேயே சாகப் போவதில்லை. இன்னும் நாலைந்து வருஷம். அதற்குப் பிறகு நான் யாரோ ஒருத்தியாக இருக்க வேண்டும். பதிவேட்டில் ஏறிய பெயர் இறங்காது. குட்டிக்கு ஆசிரியர் பயிற்சியில் இது கடைசி வருஷம். தன் அம்மா மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போகுமுன் சலவை சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டு போகிறேன். அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும்வரை இது தெரியக் கூடாது. அதற்குப் பிறகும் தெரியக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு. இளைத்துப் போயிருக்கிறாய் என்று குட்டி சொன்னாள்.

அன்புடன்,
அக்கா

---

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடிக்காரி அக்காவுக்குத் தோள்பட்டை எப்படி இருக்கிறது? படித்ததிலிருந்து மனசே சரியில்லை.

இங்கே தினமும் அடிதடி ஒன்றுதான் குறை. மேஜையின் இந்தப் பக்கம் ஓர் அம்மா, "பெண்ணை விலை பேசுவதற்கு அரசாங்கம் முத்திரை குத்துவதா?" என்று அழுகிறார். நிஜமான அழுகைதான். அந்தப் பக்கம் ஒரு வழக்கறிஞர், "மற்ற தொழில் மாதிரி இதுவும் ஒரு தொழில், உரிமம் கொடுத்து வரைமுறைப்படுத்துங்கள்" என்கிறார். இருவர் பேச்சையும் நான்தான் தட்டச்சு செய்கிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றி, மாலையில் தலைவலியோடு வீட்டுக்கு வருகிறேன்.

ஆனால் அக்கா, அட்டை விஷயத்தில் நீ சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அட்டை இருந்தால்தானே போலீஸ்காரனிடம் நீட்ட முடியும்? ஓய்வூதியம் வரை பேசுகிறார்கள். ஒளிந்துகொண்டே இருந்தால் எந்த உரிமையை யார் வந்து கொடுப்பார்கள்?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இத்தனை நாளில் தொழிலில் இருக்கிற ஒருவர்கூட இந்தக் குழுவுக்கு எழுதவில்லை. உன் கடிதத்தைச் சாட்சியமாகச் சேர்க்கலாமா? பெயர் இருக்காது. உரிமம் கேட்கிற வழக்கறிஞரின் கையில் நானே கொடுப்பேன்.

உன் பிரியமுள்ள,
சின்னவள்

---

பிப்ரவரி 22

அன்புள்ள சின்னவளுக்கு,

அழுகிற அம்மாவும் வாதாடுகிற வழக்கறிஞரும் என்னைக் காப்பாற்றத்தானே சண்டை போடுகிறார்கள்? இருவரில் ஒருவராவது என்னிடம் வந்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டதுண்டா? நீயாவது கேட்டாய். அந்த மட்டில் சந்தோஷம்.

சேர்த்துக்கொள். நான்காம் வகுப்போடு நின்றவள் எழுதிய கடிதம் சட்டம் செய்கிற மேஜைக்குப் போகிறது என்றால் எனக்கும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திவிடு, மானம் போகக் கூடாது. ஆனால் போட்டால் இரண்டு பக்கத்தையும் போடு. முன்பக்கத்தை மட்டும் படிக்கிறவர்களுக்கு நான் வேறு ஆள்.

குட்டி பயிற்சிக்காகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறாள். கண்ணாடி முன்னால் நின்று, "சத்தம் போடாதீங்க" என்று தன்னையே அதட்டிக்கொண்டிருக்கிறாள். பார்க்கக் கண் கொள்ளவில்லை.

அன்புடன்,
அக்கா

---

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டம் நிறைவேறிவிட்டது! செய்தித்தாளில் பார்த்திருப்பாய். உன் கடிதத்தை வழக்கறிஞர் குழுவில் படித்தார். அழுகிற அம்மாகூட, "இந்தப் பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார். இனி நீ குற்றவாளி இல்லை. கண்ணாடிக்காரி அக்காவும் நீயும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

அட்டை முறை இருக்கத்தான் செய்கிறது. ஆரம்பத்தில் சங்கடமாக இருக்கும், போகப் போகப் பழகிவிடும். வேலை தலைக்கு மேல் கிடப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

சின்னவள்

---

ஜூலை 18

சின்னவளுக்கு,

நேற்று எங்கள் பகுதியில் தொழில் செய்கிற ஐம்பது பேரையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். பதிவு அதிகாரி ஓர் இளம்பெண், மரியாதையாகத்தான் பேசினாள். அட்டை வேண்டாம் என்று எல்லோருமாகச் சொன்னோம். உடனே அவள் ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். "நாங்களா எழுதலைங்க. உங்கள்ல ஒருத்தரே எழுதியிருக்காங்க, கேளுங்க" என்று படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முறிந்த தோள்பட்டை (கண்ணாடிக்காரி பெயரை எடுத்திருந்தாய், எங்களில் பலருக்கும் நடப்பதுதான்), சுவர், மருத்துவர், "அந்தச் சட்டத்துக்கு நான் கும்பிடு போடுவேன்." அங்கே முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

பின்பக்கம் எங்கே, சின்னவளே?

பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரி, "எவடி இவ, நம்மளயெல்லாம் எழுதிக் குடுத்தவ?" என்று பல்லைக் கடித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன்பு நாங்கள் எல்லோருமே குற்றவாளிகள். இப்போது அட்டை இல்லாதவள் மட்டும் குற்றவாளி. வேறு வழியில்லாமல் வரிசையில் நின்று என் நிஜப் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எப்படி விடுபட்டது என்று மட்டும் எழுது. அச்சகத்தில் தவறிவிட்டது என்று நீ எழுதினால் நம்புவதற்குத் தயாராக இருக்கிறேன்.

அக்கா

---

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

அச்சகத்தில் தவறவில்லை. நான்தான்.

ஒரு சாட்சியத்துக்கு ஒரு பக்கம் என்று விதி. "ரெண்டு பக்கமும் முரணா இருக்கேம்மா, இப்படியே போனா எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும். எது முக்கியமோ அதை மட்டும் அடிச்சுக் குடுங்க" என்றார் வழக்கறிஞர். மறுத்திருக்கலாம். கடிதத்தையே திரும்ப வாங்கியிருக்கலாம். நான் மறுக்கவில்லை, அக்கா. நீ பயத்தில் எழுதியிருக்கிறாய், அட்டை கைக்கு வந்து நாலு பேர் மரியாதை கொடுத்தால் நீயே ஒப்புக்கொள்வாய் என்று நினைத்தேன். உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். இதைக் கையால் எழுதும்போதே கூசுகிறது. மே மாதம் உனக்கு எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

இன்னொன்று அவசரம். விலாசம் சரிதானா என்று பார்ப்பதற்காக அட்டையைப் பதிவுத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அந்த விதியையும் நான்தான் தட்டச்சு செய்தேன். தபால் வருகிற நேரத்தில் நீ வீட்டில் இரு. குட்டி கையெழுத்துப் போட்டு வாங்கிவிடக் கூடாது. போன் பண்ணலாமா என்று நாலு தரம் எடுத்து வைத்தேன். நீ சொன்னதை இதிலாவது கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

திட்டியாவது பதில் போடு.

சின்னவள்

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை அறைக்கு வந்தது. அட்டை சனிக்கிழமையே வீட்டுக்குப் போய்விட்டது.

நான் உள்ளே நுழைந்தபோது குட்டி அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். படத்தில் நான், கீழே என் பெயர், அதற்கும் கீழே தொழில். அவள் சத்தம் போடவில்லை. "எத்தனை வருஷமாம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். அடுத்து, "சித்திக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் அதுதான் வந்தது. பிறகுதான் சொன்னாள், "சித்திக்கும் தெரிஞ்சிருந்தா இனிமே யார் சொல்றதையும் நம்ப மாட்டேன். எனக்குன்னு அவங்க ஒருத்தர்தான் மிச்சம்." அதனால் உனக்குத் தெரியாது, சின்னவளே. எப்போதும் தெரிந்திருக்கவில்லை.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுத வரவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாய், அதுவும் தெரிகிறது. அதனால் கோபம் ஒன்றும் குறையவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியோடு உன்னிடம் வருகிறாள். படிப்பை முடிக்கும்வரை வைத்துக்கொள். அப்புறமும் அவளாகப் போகும்வரை வைத்துக்கொள். என் கடிதங்கள் எல்லாவற்றையும் அவள் வருவதற்குள் கிழித்துவிடு, இதையும் சேர்த்து. உன்னுடையதை நான் கிழித்துவிட்டேன். இனி எழுதாதே, நானும் எழுத மாட்டேன். என்னோடு பேசிக்கொண்டே அவள் எதிரில் ஒன்றும் தெரியாதவளாக இருக்க உன்னால் முடியாது. நடிப்பது என் தொழில், உனக்கு வராது.

ஒரு தடவை மட்டும் நடித்துவிடு. அவள் சொல்லும்போது அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி கேள். அழுதால் நீயும் அழு. என்னைத் திட்டினால் சேர்ந்து திட்டு. நன்றாகத் திட்டு, இல்லாவிட்டால் நம்ப மாட்டாள்.

உன் அக்கா