கடைசியாகப் பேசுகிறவள்

நாள் 211, காலை 9.10

மூன்றாம் கிணறு, சனியின் பனி நிலா. காவல்: வேலாத்தா. வயது 51. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் கணக்கில் தோல்வி.

பம்ப் ஓடுகிறது. பனி உருகுகிறது. தண்ணீர் குழாயில் போகிறது. எல்லாம் சரி.

இந்தக் குறிப்பேட்டை எடுத்துப் படிக்கிற மகராசரே, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், சிரிக்கக் கூடாது. ஆறு மாதமாக "ரேடியோ கரகரக்கிறது" என்று எழுதி வருகிறேனே, அது பொய். கரகரப்பது முறுக்குப் பாக்கெட். மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்குவேன்.

எல்லாம் போக்கருக்காக. முதல் கிணற்றில் ஜரினா, கீழக்கரைப் பெண். இரண்டாவதில் தூத்துக்குடி ரோச் அண்ணன். கிணற்றுக்கு ஒரே ஆள். மத்தியானம் மூன்று பேரும் ரேடியோவில் ஆடுவோம், சீட்டைத் திரையில் மிஷின் போடும். யாருக்குச் சிக்னல் அறுகிறதோ அவர் கடைசியாகப் பேசலாம், அதாவது பந்தயம் சொல்லலாம் என்பது நாங்களே போட்ட சட்டம்.

நல்ல சீட்டைவிட நல்ல இடம் பெரிது. முதலில் பேசுகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுகிறார். கடைசி ஆளுக்கு இரண்டு பேர் வயிற்றில் இருப்பதும் தெரிந்துவிடும். முதலில் பேச நேர்ந்தால் ராஜா, ஏஸ் இல்லாமல் நான் வாயைத் திறப்பதில்லை. கடைசி இடம் கிடைத்தால் குப்பையே போதும்.

நாள் 211, மதியம் 2.40

கையில் ஏழும் இரண்டும், சுத்தக் குப்பை. முறுக்குப் பாக்கெட்டைக் கசக்கினேன். ஜரினா பந்தயம் கட்டாமல் விட்டாள். ரோச் அண்ணன் ஏதோ மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே விட்டார். அவர் முணுமுணுத்தால் கையில் ஒன்றுமில்லை. இது அவருக்கே தெரியாது. நான் கட்டினேன். இருவரும் சீட்டை மடக்கினார்கள்.

"உன் ரேடியோவக் கொண்டு கடல்ல போடு, தங்கச்சி. அது கெடும்போதெல்லாம் என் கருவாடுல்லா போவுது!"

ஆறாவது கருவாட்டுப் பொட்டலம். சுபம்.

நாள் 212, காலை 6.05

சூரியப் புயல். மூன்று கிணற்றிலும் காற்று வடிகட்டி கருகியது. விடுகிற மூச்சு வெளியே போக வழியில்லை. மிச்சக் காற்றை மீட்டர் நாள் கணக்கில் காட்டுகிறது.

நாள் 213, காலை 8.00

என் மீட்டர்: எட்டு நாள்.

பனிவண்டி ஓட்டுகிற ஆவுடையப்பன் புது வடிகட்டிகளோடு கிளம்புகிறான். முதலில் போகிற கிணற்றுக்கு மூன்றாம் நாள். அடுத்ததற்கு ஆறாம் நாள். கடைசிக்கு ஒன்பதாம் நாள். யாருக்குக் காற்று குறைவோ அவர்களுக்கு முதலில் என்று, ஒவ்வொருவராகக் கேட்டான்.

பழக்கதோஷம். கை தானாகப் பாக்கெட்டைக் கசக்கிவிட்டது.

"அஞ்சு நாளுதான் இருக்கு..." ஜரினா. அந்தக் குரலில் பொய் இல்லை.

"நமக்கென்னப்பா, பதினோரு நாள் கெடக்கு." ரோச் அண்ணன். சொல்லிவிட்டு மாதா பாட்டு.

அவர் கையில் ஒன்றுமில்லை.

என் முறை. எட்டு என்று உண்மையைச் சொன்னால் ஆறாம் நாள் வண்டி என் வாசலில். ஒன்பதாம் நாள் அவர் வாசலில், பாட்டு நின்ற பிறகு. இது எனக்கு மட்டும் தெரியும். கடைசி இடத்தில் உட்கார்ந்தவள் நான்தானே.

"எனக்குப் பன்னெண்டு நாள் இருக்குதுங்க. ஏனுங்கண்ணா, கையில ஒண்ணுமில்லாதப்ப நீங்க பாடுவீங்கன்னு ஆறு மாசமா எனக்குத் தெரியும். மீட்டரைப் பார்த்துச் சொல்லுங்க."

அண்ணன் பாட்டை நிறுத்தினார்.

"...ஏழு. அடிப்பாவி. அப்பிடித்தான் என் கருவாட்டையெல்லாம் தின்னியா?"

ஜரினா, ரோச், பிறகு நான். முடிவாயிற்று. எட்டு நாள் காற்றை ஒன்பது நாளுக்கு இழுக்க வேண்டும். கணக்கில் தோற்றவளுக்கு வந்த கணக்கைப் பாருங்கள்.

நாள் 216, மாலை 5.30

ஜரினாவுக்கு வடிகட்டி வந்துவிட்டது. அழுதாள். நான் அடுப்பை மூட்டவில்லை. நடக்கவில்லை. படுத்தே இருக்கிறேன். பேசினால் காற்று செலவு. என்னைப் பேசாதே என்று சொல்லி ஜெயித்த முதல் ஆள் இந்த மீட்டர்தான்.

நாள் 219, மாலை 4.15

ரோச் அண்ணனுக்கும் ஆயிற்று. வண்டியில் ஏறி இங்கேயே வருகிறாராம். "பன்னெண்டு நாள்னியே, உள்ளதச் சொல்லு" என்றார். பாக்கெட்டைக் கசக்கினேன். முறுக்கு தீர்ந்து எத்தனையோ நாள்.

நாள் 221, நேரம் சரியாகத் தெரியவில்லை

மீட்டர் பூஜ்யம். தலைவலி. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. இன்னும் ஒரு நாள். மூச்சை எண்ணி விடுகிறேன். நூறு வந்ததும் மறந்துபோகிறது. திரும்ப ஒன்று.

நாள் 222

வண்டிச் சத்தம். வந்துவிட்டார்கள்.

சட்டம் என்னவென்றால், உள்கதவு மூடியிருக்கிறது என்று நான் என் வாயால் ரேடியோவில் சொன்னால்தான் வெளிக்கதவைத் திறப்பார்கள். உள்கதவு திறந்திருக்கையில் வெளிக்கதவு திறந்தால் எல்லாமே வெளியே போய்விடும். என்னையும் சேர்த்து.

மூடிவிட்டேன். இரண்டு தரம் தடவிப் பார்த்தேன்.

"வேலாத்தாக்கா, உள்கதவு மூடியாச்சா? சொல்லுங்க, திறக்கேன்." ஆவுடையப்பன்.

"பதில் காணோமே அண்ணாச்சி. கரகரப்புகூட இல்ல."

"பொறும்வே. அவ கடைசிலதான் பேசுவா." ரோச் அண்ணன். சிரிக்கிறார்.

"அக்கா, இன்னைக்காச்சும் முதல்ல பேசுங்களேன்." ஜரினா, அவள் கிணற்றிலிருந்து.

ரோச் அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். மாதா பாட்டை முணுமுணுக்கிறார்.

பழுது விவரம்: ரேடியோ. கேட்கிறது, பேச முடியவில்லை. பேசும் பொத்தானை அழுத்தினேன், கையோடு வந்துவிட்டது. கை நழுவி உருண்டு அடுப்புக்கு அடியில் போயிருக்கிறது. எட்டி எடுக்க விளக்குமாறு வேண்டும், அது சாமான் அறையில்.