நீல வள்ளத்து விளக்கு

சல்லி,
திருகோணமலை.
04.05.2025

அன்புள்ள ஜெயரூபி மச்சாளுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி பூரணி எழுதுகிறேன். நானும் பிள்ளை கஜந்தியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணையும் மருமகள் லக்சாயினியும் சுகமாக இருக்கவேணும் என்று சல்லி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையைத் தொட்டிருக்கிறேன்.

கையால் எழுதின கடிதம் வந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இங்கே ஒருவருக்கும் ஒன்றுமில்லை. போனில் கதைத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் மூன்று தரம் சொல்லப் பார்த்தனான். உங்கள் முகத்தையும் உங்களுக்குப் பின்னால் எரிகிற அந்த விளக்கையும் கண்டால் எனக்கு வாய் வராது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. மற்றப் பிழையைப் பொறுக்கச் சொல்ல எனக்கு முகமில்லை.

முதலில் ஊர்ப் புதினம். கஜந்திக்கு இந்த வருசம் சோதனை. கணக்கில் கெட்டிக்காரி, தகப்பன் மாதிரி விரலை மடித்துத்தான் எண்ணுகிறாள். நீங்கள் அனுப்பின காசில் கூரைத் தகரம் மாற்றியாயிற்று. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்தான். அம்மன் கோயில் பொங்கலுக்குப் பந்தல் போடத் தொடங்கிவிட்டார்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஆடியில் தம்பியின் திதிக்கு வருகிறோம், பிளேன் ரிக்கற் போட்டாயிற்று என்று போன கிழமை சொன்னீர்கள். வந்து இறங்கினதும் முதல் வேலையாகப் பட்டறையில் கிடக்கிற அவன்ர வள்ளத்தின் மிச்சப் பலகைகளைத் தொட்டுப் பார்க்கவேணும், அப்பா எங்கள் இருவரின் பேரையும் உள்பக்கத்தில் வெட்டி வைத்தவர், அந்தப் பலகையைக் கேட்டு வாங்கி வை என்றும் சொன்னீர்கள். ஓம் மச்சாள் என்றேன்.

நான் வேலை செய்கிற இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒருநாளும் விபரமாகச் சொல்லவில்லை. தோப்பூர் ஸெய்னுதீன் நானா நிலாவெளி றோட்டில் பழைய அரிசி ஆலையொன்றை எடுத்துப் பட்டறை போட்டிருக்கிறார். இடித்த வீட்டுக் கதவு, யன்னல், துறைமுகத்தில் சாமான் இறக்கினபின் எறிகிற மரச்சட்டம், உடைந்த வள்ளம், வலை மிதப்பு எல்லாம் லொறியில் வந்து குவியும். அதில் மேசை விளக்கு, தொங்கு விளக்கு, கண்ணாடிச் சட்டம், சாவி கொழுவுகிற பலகை என்று செய்து ஹோட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். ஒரு பச்சை மரமும் வெட்டுவதில்லை, சூழலுக்கு நல்லது, வெள்ளைக்காரர் அதற்காகவே வாங்குகிறார்கள் என்று நானா சொல்வார். நாங்கள் குப்பைக்குக் கொடுத்ததை அவர்கள் வீட்டு நடுவில் வைக்கிறார்கள். எனக்கு அது விளங்காவிட்டாலும் வேலை பிடித்தது. ஆணி பிடுங்குவேன், சாண்ட் பேப்பரால் தேய்ப்பேன், மெழுகு பூசுவேன். சின்னராசா அண்ணை வயர் இழுத்துப் பல்ப் பூட்டுவார்.

பழசில்லாததைப் பழசாக்கவும் அங்கே பழகினேன். சட்டி மினுக்குகிற இரும்புத் தும்பை விநாகிரியில் இரண்டு நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரைப் பூசினால் நேற்று அறுத்த பலகையும் கறுத்துப்போகும். மெழுகுதிரியால் தேய்த்துவிட்டு அதன்மேல் நீலப் பெயின்ற் அடித்துச் சுரண்டினால், உப்புக்காற்றில் இருபது வருசம் கிடந்த வள்ளம் மாதிரியே உரிந்து வரும். இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கு இப்போது விளங்கத் தொடங்கியிருக்கும்.

நானாவின் மகள் ஸல்ஹா படித்த பிள்ளை. ஒவ்வொரு விளக்கிலும் ஒரு சின்ன மட்டை கட்டுவாள். இந்த மரம் எங்கிருந்து வந்தது, யாருடையது என்று அதில் இங்கிலீசில் எழுதியிருக்கும். கதை இருந்தால்தான் விளக்குப் போகுமாம். நான் சேர்ந்து இரண்டாம் மாதம், ஒரு நீலப் பலகையைத் தேய்த்துக்கொண்டு இருந்தேன். பூரணி அக்கா, இது எந்த வள்ளத்துப் பலகையெண்டு தெரியுமோ என்று கேட்டாள். சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை மச்சாள். அந்த நீலம் அவருடைய வள்ளத்து நீலம். தார் மணமும் வந்தது. அதிலிருந்து கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது எங்கட வீட்டுக்காரற்ற வள்ளம் பிள்ளை என்று சொல்லிவிட்டேன்.

ஸல்ஹா வேலையை விட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவருடைய பேரைக் கேட்டாள், எப்படி என்று கேட்டாள். சொன்னேன். மண்ணெண்ணெய் இல்லாத காலம், எஞ்சின் போட்டு ஓட வழியில்லாமல் மாமாவின் பழைய மரவள்ளத்தைத் துடுப்பு வலித்துக்கொண்டு போனவர், மத்தியானம் காற்று எழும்பினது, வள்ளம் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது, அவர் மூன்றாம் நாள் வந்தார் என்று சொன்னேன். அதெல்லாம் உண்மை. பலகைதான் பொய்.

அந்த விளக்கு ஒரு கிழமையில் விற்றுப்போனது. பிறகு அதே மாதிரி வேணும் என்று ஆட்கள் கேட்டார்கள். அந்த வள்ளத்தில இன்னும் பலகை கிடக்கா அக்கா என்று ஸல்ஹா கேட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஓம் கிடக்கு என்றேன். பிறகு குவியலில் கிடைத்த பழைய பலகைகளுக்கு நீலம் அடித்துச் சுரண்டி, அந்த வள்ளத்துப் பலகை என்று கொடுத்தேன். காசுக்கு ஆசைப்பட்டு என்று நினைக்காதேங்கோ. எத்தனை விளக்குப் போனாலும் எனக்கு அதே சம்பளம்தான். வீட்டில் ஒருவரும் அவருடைய பேரைச் சொல்வதில்லை. நான் அழுவேன் என்று கஜந்தி சொல்வதில்லை, அவள் அழுவாள் என்று நான் சொல்வதில்லை. பட்டறையில் ஒருநாளைக்கு நாலு தரம் சொல்வார்கள். யுகேந்திரன் விளக்கு ரெண்டு கட்டுங்கோ, யுகேந்திரன் விளக்குக்கு வயர் காணாது என்று. அதைக் கேட்டுக்கொண்டு தேய்ப்பேன். அதற்காகத்தான் மச்சாள்.

இருபது விளக்குக்கு மேல் போனபோது சின்னராசா அண்ணை எல்லோருக்கும் முன்னால், யுகேந்திரன்ர வள்ளம் என்ன கப்பலோ தங்கச்சி, அறுக்க அறுக்க முடியேல்லை என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய சாவை வைத்து நானே சிரித்துவிட்டேனே என்று பஸ்ஸில் வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தனான்.

ஸல்ஹா பேஸ்புக்கில் போட்ட விளக்குப் படத்தையும் தன் மாமாவின் பேரையும் லக்சாயினி கண்டு, உங்களுக்குச் சொல்லாமல் ஒன்றுக்கு ஓடர் கொடுத்தது எனக்குத் தெரியாது. வைக்கோல் வைத்து அந்தப் பெட்டியைக் கட்டினது நான்தான். முகவரி இங்கிலீசில் இருந்தது. எங்கேயோ ஒரு வெள்ளைக்காரிக்கு என்று நினைத்துத்தான் கட்டினேன்.

பெட்டி வந்த அன்றைக்கு வீடியோவில் எடுத்தீர்கள். என்ர தம்பி என்ர வீட்டை வந்திட்டான் பூரணி என்று சொன்னீர்கள். சாமிப் படத்துக்கும் அவருடைய படத்துக்கும் நடுவில் வைத்துப் பூப்போட்டிருந்தீர்கள். பலகையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினீர்கள். அடியில் மூன்று துளையைத் தொட்டுக் காட்டி, இது துடுப்புக் கட்டின இடமோ என்று கேட்டீர்கள். அதற்கும் ஓம் மச்சாள் என்றேன்.

அது துடுப்புக் கட்டின இடமில்லை. தாழ்ப்பாள் பூட்டின இடம். நகரத்தில் ஒரு பழைய கட்டடம் இடித்தபோது வந்த கக்கூசுக் கதவு அது. அந்த மூன்று துளையை மரத்தூள் வைத்து அடைக்கவா என்று நான் கேட்டபோது, இருக்கட்டும், அதுதான் வடிவு என்று நானா சொன்னவர். அதனால்தான் கண்டதும் எனக்குத் தெரிந்தது. நீங்கள் ஒவ்வொரு பின்னேரமும் குளித்துவிட்டு வந்து கும்பிடுகிற விளக்கு அது. இந்த ஐந்தாறு வரியை எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது மச்சாள்.

அப்படியென்றால் தம்பியின் வள்ளம் எங்கே என்று கேட்பீர்கள். பட்டறையில் மிச்சம் கிடக்கிறது என்று நான் சொன்னதும் பொய். வள்ளம் இல்லை. அதை நான் எரித்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீங்கள் காசு அனுப்பினீர்கள். அரிசி மரக்கறி எல்லாம் எப்படியோ வாங்கிவிட்டோம். காஸ் எங்கும் இல்லை. ஊர் முழுக்க விறகுக்கு ஓடின காலம் அது. கொண்டுவாறன் என்று சொன்ன விறகுக்காரனும் வரவில்லை. ஐயர் வந்துவிட்டார், நூறு பேருக்குச் சோறு வைக்கவேணும். வள்ளம் வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. முப்பது நாளாக அதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாமல் இருந்தது. கோடாலியை நானேதான் எடுத்தேன். ஒருவரும் எடு என்று சொல்லவில்லை, ஒருவரும் பிடித்து நிறுத்தவும் இல்லை. தார் ஊறின மரம், ஊதாமலே எரிந்தது. வந்தவர்கள் சோறு பதமாக வந்திருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். மிச்சப் பலகை இரண்டு மாதம் குசினி அடுப்புக்குக் கண்டது. உங்கள் பேரும் அவருடைய பேரும் வெட்டின பலகையும் அதற்குள்தான் போனது. தெரியாமல் வைத்துவிட்டேன் என்று எழுதத்தான் இருந்தேன். இனிப் பொய் எழுதக்கூடாது. வாசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

திங்கட்கிழமை ஸல்ஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை கத்தவில்லை. அப்ப நான் எழுதினது முழுக்கப் பொய்யா அக்கா என்று ஒருதரம் கேட்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துத் தட்டில் இருந்த விளக்குகளின் மட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். நானா வந்து, பலகை பொய்யெண்டாலும் ஆள் பொய்யில்லைத்தானே, கிடக்கட்டும் விடு என்று சொன்னார். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. என்னை நில் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதனால் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது மட்டையில் பழைய கதவு என்று மட்டும் எழுதுகிறாளாம். ஒருவரும் அவருடைய பேரைச் சொல்வதில்லை.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. உப்புக்குத் துருப்பிடிக்கும் என்று மாமா அந்த வள்ளத்துக்குச் செம்பாணிதான் அடித்தவர். அடுப்புச் சாம்பல் அள்ளும்போது அவை வந்தன. கழுவி ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். சில வளைந்துவிட்டன, சிலதில் பச்சை பிடித்திருக்கிறது. நானா அப்படிச் சாமானைக் கண்டால் விடமாட்டார், விளக்கில் பதித்துவிடுவார். ஒன்றையும் அங்கே கொண்டுபோனதில்லை. இந்தப் பெண் சொல்வதை இனி எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்டால், அந்த டின்னை உங்கள் கையில் தருவேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அந்த விளக்கை அவருடைய படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கோ. எறிந்தாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். லக்சாயினியைக் கோபிக்க வேண்டாம். அவள் மாமாவில் பாசத்தில் வாங்கினவள். கஜந்திக்கும் இதொன்றும் தெரியாது. அவளோடு முன்பு மாதிரியே கதையுங்கோ.

உங்களிடம் கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். ஆடிப் பயணத்தை நிறுத்திவிடாதேங்கோ. ஹோட்டலில் இறங்கினாலும் பரவாயில்லை, ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வாங்கோ. அவர் போன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டிருக்கிறீர்கள். கடல் சரியில்லையெண்டு தெரிஞ்சும் அவன் ஏன் அண்டைக்குப் போனவன் என்று. அவர் யாருடைய சொல்லையும் கேட்காதவர் என்று மூன்று தரமும் சொன்னனான். அதுவும் பொய். அன்றைக்கு வீட்டில் ஒரு நேரத்துக்கும் காணாத ஒரு சுண்டு அரிசிதான் கிடந்தது மச்சாள். நீங்கள் வந்து, குசினிக்குள் கதிரையைப் போட்டு இருந்து, அந்தக் கேள்வியை நாலாம் தரம் என்னிடம் கேளுங்கோ. கேட்டுவிட்டு என்ன செய்வதென்றாலும் செய்யுங்கோ.

அதுவரைக்கும் உங்களையும் அண்ணையையும் பிள்ளையையும் அம்மன் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் காத்திருக்கும்,
பூரணி