இரண்டு பாட்டிலிலும் ஒரே சிவப்புப் பொட்டு

டீச்சர்,

முந்தாநாள் காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்த என் மருமகள் திடீரென்று கத்தினாள். "அத்த, இங்க வந்து பாருங்க, ரத்தமாட்டம் இருக்குது!" ஓடிப்போய்ப் பார்த்தேன். மகனுடைய வெள்ளை வேட்டி. விருந்துக்குப் போன இடத்தில் குழம்பைச் சிந்திக்கொண்டு வந்திருந்தான். மஞ்சளாக இருந்த கறை, சோப்பு பட்டதும் செக்கச்செவேல் என்று சிவந்து கிடந்தது.

"ரத்தம் இல்லடி, மஞ்ச. சோப்புல காரம் இருக்குது. காரம் பட்டா மஞ்ச இப்பிடித்தான் செவக்கும்" என்றேன்.

காலேஜ் முடித்தவள் அவள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதெல்லாம் உங்களுக்கு ஆரு அத்த சொன்னது?"

உங்கள் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பெயரை வாயால் சொல்லாமல் இருந்து பழகிவிட்டது. என் கோபம் உங்களுக்குத் தெரியாததா? என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் வடை வைக்காமல் தாண்டிப்போன நாத்தனாரை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு வடைதான் ஞாபகம் வரும்.

அடுப்படிக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி எடுத்துவந்து கறையின் ஒரு பாதியில் மட்டும் பிழிந்தேன். அந்தப் பாதி மறுபடி மஞ்சளானது. மற்ற பாதி சிவப்பாகவே நின்றது. மருமகள் வாயைப் பிளந்து பார்த்தாள். நானும்தான் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

எங்கள் ஊர் ஹைஸ்கூலுக்கு நீங்கள் சயின்ஸ் டீச்சராக வந்தபோது நான் அங்கே கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தேன். மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்க அனுப்பப்பட்டவள். அதற்காக என் அப்பனை இன்னும் மன்னிக்கவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர் நீங்கள். தருமபுரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சாயங்காலம் நாலு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடுவீர்கள்.

லேப் என்று பெயர்தான். ஒரு அறை, ஒரு மேஜை, மூன்று தட்டு அலமாரி. பாட்டில்களில் ஒட்டியிருந்த பெயர்த்தாள்களைப் பூச்சி அரித்துப் பாதிக்கு மேல் போய்விட்டது. அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். ஆனால் ஒரு பொருள் நின்ற இடம் என் கண்ணை விட்டுப் போகாது. மேல்தட்டில் இடமிருந்து மூன்றாவது சுண்ணாம்புத் தண்ணீர். கீழ்த்தட்டு மூலையில் காஸ்டிக் சோடா. இப்போது கண்ணை மூடினாலும் சொல்வேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு எல்லாரும் மணிக்கும் கரும்பலகைக்கும் பொட்டு வைத்தார்கள். நான் லேப் பாட்டில்களுக்கும் வைத்தேன். அவையும் வேலை செய்கிறவைதானே? குங்குமம் தீர்ந்துபோயிருந்தது. மஞ்சளைக் குழைத்து மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

லீவு முடிந்து அறையைத் திறந்தால், நாலு பாட்டிலில் பொட்டு சிவந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சாமி வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் யோசித்தேன்: வந்த சாமி ஏன் நாலோடு நிறுத்த வேண்டும்?

நீங்கள் உள்ளே வந்ததும் முகம் சுளித்தீர்கள். "ஆருக்கா இதுக்கெல்லாம் பொட்டு வெச்சது?"

"நாந்தாங்க. ஆனா மஞ்சதான் வெச்சன். குங்குமம் நான் வெக்கல டீச்சர், சத்தியமா."

நீங்கள் அந்த நாலு பாட்டிலையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள் பாருங்கள், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. "அக்கா, நான் ஒரு மாசம் நடத்தற பாடத்த நீங்க ஒரே நாள்ல நடத்திட்டீங்க."

ஊற்றும்போது வெளியில் வழிந்த சொட்டு காய்ந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும், அதுதான் மஞ்சளைச் சிவக்க வைத்தது, நாலும் காரம் என்று சொன்னீர்கள். அந்த நாலில் அமோனியா பாட்டிலின் மூடி மட்டும் தளர்ந்து கிடந்தது. அதன் பொட்டு மூடியைத் திறந்துவைத்தால் சிவக்கும், இறுக்கி மூடிவைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளுக்கே திரும்பிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பத்து தடவையாவது திறந்து மூடியிருப்பேன். "செவப்பு எங்க போவுது டீச்சர்?" என்றேன். "அமோனியா காத்தோட போயிடுதுக்கா." "அப்ப இந்த ரூம்பு பூரா மஞ்சள் பூசி வெச்சா செவுரெல்லாம் செவக்குமா?" நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்களையும் யோசிக்க வைத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு இருந்த தெனாவட்டைச் சொல்லி முடியாது.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் நான் கேட்பதும் நீங்கள் சொல்வதுமாகப் போனது. துருப்பிடித்த ஆணி ஏன் எடை கூடுகிறது, காற்றுக்கு எடை உண்டா என்று கேட்டேன். தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும் ஒன்றும், மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும் ஒன்றும் சேர்ந்துதான் களியில் போடும் உப்பு என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. "ரெண்டு பொல்லாதது சேந்தா நல்லது வருமா? எங்க வூட்டுல அப்பிடி நடக்கலிங்களே" என்றேன். சோறு உங்களுக்குப் புரையேறிவிட்டது. "கலந்தா அதது கொணம் அதுக்கு இருக்கும்க்கா. சேந்துட்டா பழைய கொணம் போயிடும்" என்றீர்கள். கலப்பதும் சேர்வதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னீர்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன, பொட்டை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, "மஞ்ச பாதிதான் சொல்லும்க்கா. எந்தக் கூட்டம்னு சொல்லும், கூட்டத்துல ஆருன்னு சொல்லாது" என்றீர்கள். அந்த மீதிப் பாதிதான் நமக்கு வினையாக வந்தது.

என் மகள் கல்யாணம் கம்பைநல்லூரில் நடந்தது. வெற்றிலை பாக்கு வைத்து, உங்கள் கையில் பத்திரிகை கொடுத்துக் கூப்பிட்டேன். நீங்கள் வரவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்தப் போட்டுவிட்டார்கள் என்று பிறகு வந்து சொன்னீர்கள். இருக்கட்டும். முன்வரிசையில் உங்களுக்கென்று ஒரு நாற்காலியைப் பிடித்துவைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் "இது டீச்சருக்கு" என்று எழுப்பிவிட்டவள் நான். முகூர்த்தம் முடிகிறவரை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. அன்றிலிருந்து உங்களோடு பேச்சை நிறுத்தினேன். கூட்டுவேன், துடைப்பேன், தண்ணீர் பிடித்து வைப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

அப்படி ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் ஒன்பதாம் வகுப்புக்குக் காட்ட இரண்டு பாட்டிலை எடுத்தீர்கள். பஸ் ஹாரன் கேட்டது. இரண்டையும் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு ஓடினீர்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தாம் வகுப்பு. அருள்மேரி என்ற பெண்ணைக் கூப்பிட்டு, மேல்தட்டு மூன்றாவது பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, குழாய் போட்டு ஊதச் சொன்னீர்கள். நம் மூச்சுக்காற்று பட்டால் சுண்ணாம்புத் தண்ணீர் பாலாக வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. "இன்னும் ஊது" என்றீர்கள். ஊதினாள். "நல்லா ஊதும்மா." மூச்சு வாங்கியது அந்தப் பிள்ளைக்கு. ஊத வேண்டியவள் உறிஞ்சிவிட்டாள்.

அது காஸ்டிக் சோடா.

அவள் போட்ட சத்தத்தில் நான் துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடி வந்தேன். காரத்தை முறிக்கப் புளிப்புதானே என்று ஹெட்மாஸ்டர் தூக்குவாளியில் இருந்த மோரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "வேணாம்க்கா! தண்ணி! வெறும் தண்ணி!" என்று கத்தினீர்கள். குடம் குடமாக வாயைக் கொப்பளிக்க வைத்தோம். முழுங்கவில்லை, நல்ல காலம். உதட்டோரமும் நாக்கும் வெந்துபோயிற்று.

ஹெட்மாஸ்டர் வந்து கேட்டார். "அக்கா தொடைக்கும்போது மாத்தி வெச்சிருப்பாங்க சார். பேரு படிக்கத் தெரியாதுல்ல" என்றீர்கள். அவர் எல்லார் முன்னாலும் லேப் சாவியை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்ததுதான். உங்கள் வாயால் வந்ததுதான் எரிந்தது.

திங்கட்கிழமையே நீங்கள் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். சாவி திரும்பி வந்தது. நான் வாங்கவில்லை. அன்று சாயங்காலம் நாலு நாற்பது பஸ்ஸை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். வாசலிலேயே நின்று, "நாந்தான்க்கா மாத்தி வெச்சன். பயத்துல உங்க மேல போட்டுட்டன். மன்னிச்சிருங்க" என்றீர்கள். "இப்பத்தான் தெரிஞ்சிதாக்கும்" என்றேன். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டீர்கள். பிறகு ஒரு தடவை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த இடம்வரைக்கும் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் இங்கேயே நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் நான் ஜெயித்தவளாக இருப்பேன்.

மீதியைக் கேளுங்கள். அருள்மேரி ஊதிய அன்றைக்குக் காலையில் அலமாரியைத் துடைத்தது நான். பாட்டில்கள் இடம் மாறி நின்றதைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில், இரண்டும் பச்சைத் தண்ணீர் போல, இரண்டிலும் ஒரே சிவப்புப் பொட்டு. ஆனால் காஸ்டிக் பாட்டிலின் ரப்பர் மூடியில் எலி கடித்த தடம் இருக்கும். அந்த மூடி மேல்தட்டில் மூன்றாவதாக நின்றது. என் கை அதன் மேல் போய் நின்றது. மாற்றி வைக்கலாம். மாற்றாவிட்டாலும் "டீச்சர், இடம் மாறியிருக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்ல வேண்டுமென்றால் உங்களோடு பேச வேண்டும். காலி நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்தது. அவங்க பாட்டில், அவங்களே பாத்துக்கட்டும் என்று துணியை உதறிக்கொண்டு வெளியே போனேன்.

உங்கள் தவற்றை நீங்கள் மூன்றே நாளில் சொல்லிவிட்டீர்கள். என் வாசலுக்கே வந்து சொன்னீர்கள். அப்போதுகூட என்னுடையதை நான் சொல்லவில்லை.

நீங்கள் இறந்துபோன சேதியைப் போன மாதம் எனக்குச் சொன்னது அருள்மேரிதான். இப்போது கடத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ரேஷன் கார்டு, ஆதார் என்று எதற்காவது போவேன். உதட்டோரத்தில் அரிசி அளவு வெள்ளைத் தழும்பு. அதைப் பார்க்காமல் இருக்க அவள் மிஷினையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வேட்டியில் பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாக அந்தக் கறையைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று பஸ் ஏறிப் போனேன்.

"என்ன ஆயா, எத்தன காப்பி?" என்றாள்.

"காப்பி வேணாம். ஒண்ணு சொல்லணும், மிஷின நிறுத்து" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், எலி கடித்த மூடி வரைக்கும்.

அவள் தழும்பைத் தடவிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "டீச்சர் ஊதுன்னு சொன்னாங்க ஆயா. நான்தான் உறிஞ்சன். எளநி குடிக்கற ஞாபகத்துல இருந்துட்டன். என்னாலதான் டீச்சருக்கு மாத்தலே ஆச்சுன்னு நான் இத்தன வருசம் நெனச்சிட்டு இருந்தன்."

"அடி பைத்தியமே."

"நீங்க மட்டும் என்னவாம்?" என்று சிரித்தாள். சிரிக்கும்போது அந்தத் தழும்பு மடிந்து, இருக்கிற இடமே தெரியவில்லை.

உட்காரச் சொல்லி எனக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். டீ வாங்கி வந்தாள். நான் உங்களுக்குத் தராததை எல்லாம் அவள் எனக்குத் தந்தாள்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர், கேட்க ஆள் இல்லை. நடந்தது ஒரே தப்பு. மூன்று பேரும் அதை ஆளுக்கு முழுசாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம். நீங்கள் மூன்று நாள் தூக்கினீர்கள். நாங்கள் இரண்டு பேரும் இருபது வருடத்துக்கு மேல். ஒரு பொருள் எப்படி மூன்று இடத்தில் முழுசாக இருக்கும்? பங்கு போட்டால் குறைய வேண்டாமா? நீங்கள் இருந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்திருப்பீர்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மருமகள் மறுபடி ஆரம்பித்தாள். "மஞ்ச விசயத்த ஆரு சொன்னதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்ல அத்த."

"உக்காரு" என்றேன். தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.