ஐந்து குண்டா, ஆறு குண்டா

மச்சான்,

கார்னிவல் வருகிறது. நேற்று மகளின் மகனைக் கூட்டிக்கொண்டு எசன் நகருக்குள் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். இந்த முறை துரைக்குக் கௌபாய் வேஷமாம். தொப்பி எடுத்தாயிற்று, இடுப்புப் பட்டி எடுத்தாயிற்று, துவக்குகள் தொங்கிய இடத்துக்கு வந்ததும் ஆள் அசையவில்லை. ஒரு கையில் நீளக் குழல், மற்றக் கையில் கட்டைக் குழல். எந்தப் பிள்ளையோ பொட்டு வெடி வெடித்துப் பார்த்திருக்க வேண்டும், மருந்து மணம் அந்த மூலையிலேயே நின்றது. "அம்மப்பா, எது நல்லது?" என்று கேட்டார். நீ கண்ணை மூடி மூன்று மாதம். அந்தக் கேள்வியைக் கேட்க உன்னை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களைப் போல வந்த வெளிநாட்டுக்காரர் இருந்த வீடுகளை அங்கங்கே கொளுத்துகிறார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஒருநாள் எங்கள் கீழ்வீட்டு யன்னலுக்கும் கல் வந்தது. மகளுக்கு அப்போது நாலு வயது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பிடி, வீட்டில் ஒரு ரிவோல்வர் இருக்க வேண்டும். அசல் ரிவோல்வருக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், எங்களுக்கு விசாவே ஒழுங்காக இல்லை. ஆனால் கண்ணெரிச்சல் புகை அடிக்கிற காஸ் ரிவோல்வரைப் பதினெட்டு வயது தாண்டிய எவரும் வாங்கலாம். பார்க்க அசல் போலவே இருக்கும். பயங்காட்ட அது போதும் என்று நினைத்தேன்.

நானும் நீயும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். மூன்று மணிக்குப் பிறகு சமையலறை கொஞ்சம் ஓயும். வேட்டைச் சாமான் கடையில் தந்த படப் புத்தகத்தை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு வந்து உன்னிடம் காட்டினேன். 'விசரோ உனக்கு' என்று ஏசுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ ஏசவில்லை. ஈரக் கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்தாய். "பொறு, யோசிப்பம்" என்றாய். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த காலத்தில் வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் குறை கண்டுபிடித்த ஆளல்லவா நீ.

"ஆறு குண்டுதான் நல்லது" என்று நான் தொடங்குவேன்.

"நல்லதுதான். ஆனா மொத்தமெல்லே. உன்ர ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள போகுமே?"

"அப்ப அஞ்சு குண்டு."

"அஞ்சு பேர் வந்தாச் சரி. ஆறாவது ஆளுக்கு என்ன செய்வாய்? டொக்டர் மாதிரி ரெர்மின் குடுத்து, நாளைக்கு வாங்கோ எண்டு அனுப்புவியோ?"

நீளக் குழல் என்றால் இடுப்பில் இடிக்கும் என்றாய். கட்டைக் குழல் என்றால் ஒருத்தனும் பயப்படமாட்டான் என்றாய். வெள்ளிப் பூச்சு விளையாட்டுச் சாமான் போல மினுங்குமாம், கறுப்பைப் பொலிஸ் கண்டால் அசல் என்று நினைக்குமாம். ஒருநாள் மட்டும் நீ பகிடி விடவில்லை. "இருக்கிறது ஒரு அறை. உள்ளுக்கை நிண்டு அடிச்சா அந்தப் புகை முதல் ஆருக்குப் போகும்? பிள்ளைக்கெல்லே" என்றாய். படிக்கட்டில் நின்று அடிப்பேன் என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன். நீ தலையை ஆட்டி, "ஓம், அதுவும் சரிதான்" என்று தோற்றுப்போனாய். எப்போதும் நீதான் தோற்பாய். அடுத்த நாள் புதிதாக ஒரு குறையோடு வருவாய்.

கடைசியில் பொறுமை கெட்டு, கறுப்பு, ஆறு குண்டு, வருகிற சனிக்கிழமை வாங்குகிறேன் என்றேன். "தனியப் போகாதை, நானும் வாறன்" என்றாய். அந்தச் சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல். அடுத்த சனிக்கிழமை பல்லுக் கொதி. கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு கோப்பை கழுவினாய், நானும் பாவம் பார்த்து உனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை, கதவில் பலமான அடி. இரண்டு ஆண் குரல்கள். என் மனைவி அடுப்படியில் அப்படியே விறைத்துப்போனாள். நான் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு, சாரத்தோடு பாய்ந்து போய்க் கதவை இழுத்துத் திறந்தேன். பொலிஸ். எங்களுக்கு முன் அந்த அறையில் இருந்த யாரையோ தேடி வந்திருக்கிறார்கள். ஓங்கிய என் கையைக் கண்டதும் இளையவனின் கை இடுப்புத் துவக்குக்குப் போய்விட்டது. மூத்தவர் என் கையை உற்றுப் பார்த்தார். அதில் இருந்தது அகப்பை. அதிலிருந்து பருப்பு வடிந்துகொண்டிருந்தது. "என்ன சமையல்?" என்று கேட்டார், நானும் சொன்னேன், பேரைக் குறித்துக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தித் திரும்பினால் மகள் என் சாரத்தைப் பிடித்தபடி பின்னால் நிற்கிறாள். கறுப்பு ஆறு குண்டு அந்தக் கையில் இருந்திருந்தால் அவன் கை இடுப்போடு நின்றிருக்காது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் உனக்குச் சொன்னேன். நீ பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தாய். நான் புத்தகத்தைச் சாப்பாட்டுக் குப்பைக்குள் போட்டேன். "சரி, விடு. தட்டுகளைத் தா" என்றாய். உன் குரல் அடைத்திருந்ததைப் பல்லுக் கொதி என்றே நினைத்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து திரும்பும்போதுதான், பஸ்ஸில், இவள் வாயைத் திறந்தாள். நான் படப் புத்தகம் கொண்டுவந்த நாளே உன்னிடம் ஓடிவந்தாளாம். "இவரை ஒருக்கா மறியுங்கோ அண்ணை எண்டு அழுதனான். 'மறிச்சா நாளைக்கே வாங்கிப்போடுவான் தங்கச்சி. கதைக்க விட்டா வருசக்கணக்காக் கதைப்பான், வாங்கமாட்டான். நான் பாத்துக்கொள்ளுறன்' எண்டவர்." காய்ச்சலும் பொய்யாம், பல்லுக் கொதியும் பொய்யாம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, ஒளிப்பானேன். முப்பது வருடம் இருவரும் சேர்ந்து என்னைப் பேயனாக்கியிருக்கிறீர்கள். வாதத்தில் உன்னை வென்ற கதையை உன் பிள்ளைகளுக்கு முன்னாலேயே எத்தனை தரம் அளந்திருப்பேன், நீ சிரித்துக்கொண்டு கறியைப் பரிமாறினாய். இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் கோபம் போய் அழுகை வந்தது. பஸ் நிறையச் சனம், நான் கவலைப்படவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் இருந்தேன். தெரிந்திருந்தால் ஒரு சொல் சொல்லியிருப்பேனே.

இப்போது அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? உனக்குச் சொல்ல ஏலாது. மகளுக்குச் சொல்லப்போகிறேன். அந்தக் காலையை அவள் மறந்துவிட்டாள், பருப்பு நிலத்தில் சிந்தியது மட்டும் ஞாபகமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை இருத்திவைத்துச் சொல்லுவேன்: ஒரு குளிர்காலம் முழுக்க என்னோடை வாதாடித் தோத்து, உனக்கு அப்பாவை மிச்சம் வைச்சவர், பிள்ளை, உன்ர மாமா.