திங்கட்கிழமை இருமல்

கார்த்திகை, ஞாயிறு இரவு.

மகள் கொலிஜில் படிக்கிற பழைய ஆங்கில நாவலை, எனக்கும் இங்கிலிஷ் வரும் என்று காட்டுவதற்காக இன்றைக்கு எடுத்தேன். முன்னுரையைத் தாண்டவில்லை. நாவலில் வருகிற ஊர் கற்பனையாம். அதற்குப் பின்னால் இருந்தவை மான்செஸ்டர்ப் பக்கத்துப் பஞ்சாலைகள். அங்கே வேலை செய்த பெண்களுக்குப் பஞ்சுத்தூசி நெஞ்சை அடைக்குமாம். ஞாயிறு ஓய்வில் குறைந்து, திங்கள் ஆலைக்குள் போனதும் கூடுமாம்.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் மனுசி ராணி, இங்கே லாசால் பகுதியில் ஒரு மெத்தைப் பக்டரியில் பஞ்சு அடைக்கிறவள். திங்கள் பின்னேரம் இருமிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். கிழமை போகப் போகக் குறையும், ஞாயிறு ஒன்றுமில்லை. "வேலைக்குக் கள்ளம் அடிக்கிற இருமல்" என்று நான் போகிற பிறந்தநாள் வீடெல்லாம் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அவளும் சிரிப்பாள்.

இன்றைக்குப் பின்னேரம் அவளிடம் கேட்டேன்:

"மாஸ்க் போடுறனியோ?"

"அதைப் போட்டால் பக்கத்து மிசின்காரியோட எப்பிடியப்பா கதைக்கிறது?"

"நாளைக்கு வேலைக்குப் போகாமல் நில்லு. டொக்டரிட்டப் போவம்."

"எந்தப் பார்ட்டியில சொல்லுறதுக்கு இந்தப் பகிடி?"

"பகிடி இல்லையப்பா."

அதற்குத்தான் நல்லாய்ச் சிரித்தாள்.

இப்போது சத்தமில்லாமல் தூங்குகிறாள். நாளைய சாப்பாட்டுப் பெட்டி ஃபிரிட்ஜில் இருக்கிறது. விடிய வாசலில் நின்று மறிக்கப் போகிறேன். நான் அழுதாலும் நடிக்கிறேன் என்பாள். என்னைத் தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ்சுக்குப் போய்விடுவாளோ என்றுதான் பயமாய்க் கிடக்கிறது.